தொலைந்து போனதாக ஒரு சத்தியம்

ஹைதராபாத்திலிருந்து அந்த மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அரசியல் சிந்தனைகளின் வரலாற்றை ஆராயும் மையம் ஒன்று அனுசியாவுக்கு இரண்டாண்டு ஆய்வுப் பணி கொடுத்திருந்தது. இருபது நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும் என்பது கடைசி வரி. சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டாள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம் வரைக்கும் அவளுடைய அசல்கள் அத்தனையும் அவள் வேலை பார்த்த கல்லூரியில், தாளாளர் சூர்யபிரகாஷின் அறையில், சாம்பல் நிற இரும்புப் பீரோவுக்குள் இருந்தன. இரண்டரை வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று, சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கி வைத்தார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், பாதுகாப்புக்காக ஒப்படைக்கிறேன்' என்று தட்டச்சு செய்த ஒரு தாளையும் நீட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளும் அதே பீரோவுக்குள் போனது.

அன்று மாலையே தாளாளரைப் போய்ப் பார்த்தாள். மேசை மேல் அவருடைய எஸ்டேட்டிலிருந்து மாதிரிக்கு வந்த ஏலக்காய் ஒரு தட்டில் இருந்தது. அவர் ஒரு காயை நகத்தால் பிளந்து விதையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"நல்ல விசயம்மா. ரொம்பச் சந்தோசம்" என்றார். "ஆனா அடுத்த வெள்ளிக்கிழம பல்கலைக்கழகத்துல இருந்து அங்கீகாரம் பாக்கக் கமிஷன் வருதே. அரசியல் அறிவியல்ல டாக்டர் பட்டம் வாங்குன ஆளு நம்மகிட்ட நீ ஒருத்திதான். நீ போயிட்டா அந்தத் துறையவே மூடச் சொல்லிருவாங்க."

"கமிஷன் முடிஞ்சதும் குடுத்துருவீங்களா சார்?"

"பாப்போம். அடுத்த வருசமும் கமிஷன் வரும்ல."

அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு? போன வாரம் மேல போயிருந்தேன். ஸ்டோர் வாசல்ல உக்காந்திருந்தாரு. பாவம், அவருக்கு வேலையெல்லாம் குடுக்காத, சும்மா இருந்துட்டுப் போகட்டும்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அனுசியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் அந்த ஏலத்தோட்டம் சூர்யபிரகாஷின் குடும்பத்துடையது. அனுசியாவின் அப்பா மொக்கச்சாமியும் அம்மா சுப்புத்தாயும் முப்பத்தைந்து வருடமாக அங்கேதான் கூலிக்கு இருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மறைப்புமாக அவர்களுக்கு ஒரு வீடு உண்டு. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு.

அன்றிரவே செழியனுக்குப் போன் செய்தாள். அதே கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தார். அவருடைய அசல்களும் இதே பீரோவில்தான் இருந்தன. எப்படி வெளியே வந்தார் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

"ரொம்பச் சுலபம் தங்கச்சி" என்றார் அவர். "சர்டிபிகேட்டத் தொலச்சுட்டேன்னு ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி ஸ்டேசன்ல குடு. தேடிப் பாத்தோம், கெடைக்கலன்னு எழுதித் தருவாங்க. அத வச்சு டூப்ளிகேட் வாங்கிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் வெளிய போறோம்."

"தொலையலையே அண்ணே."

"தொலஞ்ச மாதிரிதான?"

மறுநாள் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் நோட்டரி வக்கீல் சந்திரவல்லியின் அலுவலகத்துக்குப் போனாள். சந்திரவல்லிக்கு ஐம்பது வயதிருக்கும். முழு விவரத்தையும் கேட்காமலே கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயரையும் முகவரியையும் மாற்றினார். பத்து நிமிடத்தில் தாள் அவள் கைக்கு வந்தது. போன மாதம் பதினோராம் தேதி போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அசல் சான்றிதழ்கள் அடங்கிய பையைத் தவறவிட்டதாகவும், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றும் அதில் இருந்தது. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மையென்று உளமார உறுதி கூறுகிறேன்' என்று முடிந்தது.

அனுசியா பேனாவைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"என்னம்மா, பேர் தப்பா இருக்கா?"

"பேரு சரியா இருக்குக்கா. மத்தது எதுவும் நடக்கல."

"இங்க வர்ற பேப்பர்ல பாதி நடக்காததுதான். போடு, வெளிய ஆளுக காத்துக் கெடக்காங்க."

"நான் ஏழு வருசமா இதத்தான்க்கா படிச்சேன்."

"எத?"

"சத்தியம் பண்ணுறத."

சந்திரவல்லி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அனுசியா சொன்னாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு சத்தியம் என்ற கருத்தின் வரலாறு. அரசனுக்காக உயிரை விடுவோம் என்று சூளுரைத்து நின்ற படைகள் இந்தப் பக்கம் இருந்தன. பொய்ச் சத்தியம் செய்தால் தெய்வம் கேட்கும் என்ற பயத்தில்தான் ஊர்ப் பஞ்சாயத்துகள் நடந்தன. ஐரோப்பாவில் எல்லா மதத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடிய ஒரு தத்துவ அறிஞரே, கடவுள் இல்லை என்பவனை மட்டும் பொறுக்க முடியாது, அவனுடைய சத்தியத்தை எப்படி நம்புவது என்று எழுதினார். அதே காலத்தில் இன்னொரு சிறு மதக்குழு சத்தியமே செய்ய மாட்டோம் என்றது. நீதிமன்றத்தில் மட்டும் உண்மை பேசுவதாகச் சத்தியம் செய்தால், மற்ற நேரத்தில் பொய் பேசலாம் என்று ஆகிவிடாதா என்று கேட்டது. அதற்காக ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களுக்காகத்தான் சட்டத்தில் கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி ஒன்று உண்டானது. நம் அரசியல் சட்டத்தில் கடவுளின் பெயராலும் சொல்லலாம், உளமாரவும் சொல்லலாம் என்று இரண்டும் இருக்கிறது.

"அப்ப ஒனக்குச் சாமி பயமா?" என்று கேட்டார் சந்திரவல்லி.

"எனக்குச் சாமி நம்பிக்கையே கெடையாதுக்கா."

"பெறகு என்ன?"

கடவுள் விலகிய பிறகு சத்தியத்தை எது பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் அவளுடைய கடைசி அத்தியாயம். பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். 'போதவில்லை' என்று தேர்வாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதத்தான் ஹைதராபாத்துக்கு விண்ணப்பித்தாள். அங்கே போக இந்தப் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் ஒன்பது நாளானது. தினமும் காலையில் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பாள். பிறகு வகுப்புக்குப் போய், ஆளப்படுகிறவர்களின் சம்மதம் என்ற பாடத்தை நடத்துவாள். நாட்டை விட்டுப் போகாமல் இருப்பதே அரசுக்குக் கொடுக்கும் சம்மதம் என்று ஒரு கொள்கை உண்டு என்றபோது, முன்வரிசையில் ஒரு மாணவி, "போறதுக்கு வழி இல்லைன்னா மேடம்?" என்று கேட்டாள். அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கமிஷன் வந்தது. ஆசிரியர் அறைக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டு நின்றாள். ஜன்னலோரம் செழியன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இந்தக் கல்லூரியின் அடையாள அட்டை தொங்கியது.

"அண்ணே, நீங்க எப்படி இங்க?"

"கூப்பிட்டாரு, வந்தேன்." அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கோயம்புத்தூர்ல லீவு போட்டுட்டு வந்திருக்கேன். பொருளாதாரத்துக்கும் ஆளு கணக்குக் காட்டணுமாம். அஞ்சாறு மாசத்துக்கு முன்னாலயும் இப்படி ஒருக்கா வந்தேன்."

"எதுக்கு வரணும்? நீங்கதான் வெளிய போயிட்டீங்களே."

"என் அசல் எல்லாம் இன்னும் அந்தப் பீரோவுலதான் இருக்கு. தொலஞ்சு போச்சுன்னு சத்தியம் பண்ணி டூப்ளிகேட் வாங்குனது அவருக்கும் தெரியும். அசல எடுத்து எங்க காலேஜுக்கு அனுப்புனாருன்னா என் வேல போச்சு. கேசும் வரும்."

"மெரட்டுனாரா?"

"மெரட்டவே இல்ல. 'உங்க சர்டிபிகேட்டெல்லாம் பத்திரமா இருக்கு செழியன்'னாரு. அவ்வளவுதான்."

அனுசியாவுக்குக் கோபம் வந்தது. "பெறகு எதுக்கு என்னையும் அதையே செய்யச் சொன்னீங்க?"

அவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற என்ன வழி இருக்கு, நீயே சொல்லு."

பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கமிஷன் உறுப்பினர்கள் மூன்று பேர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சூர்யபிரகாஷ் ஓரத்தில் நின்றார். மேசை மேல் அவளுடைய அசல்கள் கோப்பில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவற்றை அன்றுதான் பார்க்கிறாள். எட்டிக் கையை நீட்டினால் எடுத்துவிடலாம். உறுப்பினர்களில் வயதானவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அசலெல்லாம் வழக்கமா உங்க கையிலதானம்மா இருக்கு? காலேஜுல வாங்கி வச்சுக்கலையே?"

"என் கையிலதான் சார் இருக்கு" என்றாள் அனுசியா.

யாரும் சத்தியம் கேட்கவில்லை. வாயைத் திறந்ததும் பொய் தானாக வந்துவிட்டது. அலுவலக உதவியாளர் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பீரோ மூடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அன்று முழுவதும் தன் குரலே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள், கேட்ட மாத்திரத்தில் பொய் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினாள். பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் சோற்றுத் தூக்கு. வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிர் காதை அடைத்தது.

லயத்து வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அம்மா மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்ததும் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். சுப்புத்தாய் கஞ்சியைக் கரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மொக்கச்சாமி காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொய்ச் சத்தியந்தான? போடு ஆத்தா" என்றார். "ஒண்ணும் ஆகாது. நான் போட்டுருக்கேன்."

"எப்ப?"

சுப்புத்தாய் கையை நிறுத்தினாள். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள்.

"தெரிஞ்சுக்கிறட்டும். நீ எட்டாங்கிளாஸ் படிக்கையில ஜக்கம்மாள்னு ஒருத்தி இருந்தாள்ல, அழகுராஜா பொண்டாட்டி. செடிக்கு மருந்து அடிக்கையில மயங்கி விழுந்தா. சாயங்காலம் செத்துப்போனா. அப்பப் பெரிய மொதலாளி இருந்தாரு, இவரோட அப்பா. அவ வீட்டுல புருசன்கூடச் சண்ட போட்டு அந்த மருந்தக் குடிச்சுட்டான்னு எழுதி என்னையக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. நான்தான் பக்கத்து நெரையில அடிச்சுக்கிட்டிருந்தேன். வேற யாரும் பாக்கல. போட்டேன். அழகுராஜா விடல. சாமி முன்னால கற்பூரத்த அணச்சுச் சொல்லுன்னான். அணச்சேன்."

ஜக்கம்மாளை அனுசியாவுக்கு நினைவிருந்தது. பள்ளிக்கூட ஜீப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போவாள்.

"அந்த வருசந்தான் ஒன்னயக் கீழ ஆஸ்டல்ல சேத்தது" என்றார் அப்பா. "மொதலாளி சொல்லித்தான் எடம் கெடச்சது. அதுக்குப் பெறகும் மழ பேஞ்சுச்சு, காய் காச்சுச்சு. எந்தச் சாமியும் வந்து என்னயக் கேக்கல." நீட்டிய காலை மெல்ல மடக்கினார். "மொதலாளிதான் கேட்டாரு. கூலி கூடக் கேட்டு எல்லாரும் உக்காந்தப்ப என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டு, 'ஒன் கையெழுத்து எங்கிட்ட இருக்கு மொக்கா'ன்னாரு. நான் எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன். அவரு செத்து, இப்ப மகன் கையில இருக்கு அந்தப் பேப்பரு."

செழியன் சொன்னதும் அப்பா சொன்னதும் ஒன்றுதான் என்று அனுசியாவுக்குத் தெரிந்தது. பொய்யில் போடும் கையெழுத்து போட்டவரை விடுவிப்பதில்லை. அதைப் பொய்யென்று காட்டக்கூடியவன் கையில் ஆளை ஒப்படைத்துவிடுகிறது. தெய்வம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு முதலாளி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பக்கத்தில் அவள் எழுதாமல் விட்டது இதுதான்.

"நான் உள்ளத உள்ளபடி எழுதிக் குடுக்கப் போறேம்பா. சர்டிபிகேட் அவர்கிட்டதான் இருக்குன்னு."

மொக்கச்சாமியின் முகம் மாறியது. "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? பொய் எழுதுனா வர்றது ஒனக்கு மட்டுந்தான். உண்மைய எழுதுனா எங்க ரெண்டு பேத்தையும் நாளைக்கே எறக்கி விட்டுருவான். இந்தக் காலோட நான் எங்க போறது?"

அனுசியா அம்மாவைப் பார்த்தாள். சுப்புத்தாய் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கட்டினாள். வேலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. வாசலில் நின்று, "நான் எந்தத் தோட்டத்துலயும் காய் எடுப்பேன். நீ எழுதுறத எழுது. ஒங்கப்பாவோட பயத்துல நானும் இத்தன வருசம் கெடந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மொக்கச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அனுசியா ஜீப்புக்குக் கிளம்பியபோதும் அவர் திரும்பவில்லை.

திங்கட்கிழமை சந்திரவல்லியின் அலுவலகத்தில் புதுப் பத்திரம் எழுதினார்கள். இந்தத் தடவை வாசகத்தை அனுசியாவே சொன்னாள். எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் ஒப்படைத்தாள், கமிஷன் முன்னால் தான் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சேர்த்தாள்.

"இத எதுக்கும்மா எழுதுற? ஒனக்கே பாதகமா இருக்கு" என்றார் சந்திரவல்லி.

"அவரு எடுத்துக் காட்டுறதுக்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாதுக்கா."

காவல் நிலையத்தில் ஏட்டு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தொலைந்தது என்று எழுதினால் பத்து நாளில் முடிந்துவிடும், இப்படி எழுதினால் வருடக்கணக்காகும் என்றார். அவள் நகராமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மனு ரசீது கொடுத்தார்கள். அதன் நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பினாள். நான்கு மாத அவகாசம் தருகிறோம் என்று ஹைதராபாத்திலிருந்து பதில் வந்தது.

சூர்யபிரகாஷ் அவளைக் கூப்பிடவில்லை. மறுவாரம் அவளுடைய வகுப்புகள் வேறு ஆளுக்குப் போயின. அடுத்த வாரம் லயத்தில் மராமத்து நடக்கப்போகிறது, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். மராமத்து அந்த ஒரு வீட்டுக்கு மட்டுந்தான். இரண்டு மூட்டைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அப்பாவும் அம்மாவும் போடிக்கு இறங்கி வந்தார்கள். அனுசியாவின் ஒற்றை அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா அவளிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா தினமும் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி வேறொரு தோட்டத்துக்குப் போனாள். விட்டு வந்த அதே மலைக்கு இப்போது பதினேழு வளைவு ஏறி, பதினேழு வளைவு இறங்கினாள்.

எந்தப் பக்கமும் அசைவில்லாமல் இரண்டரை மாதம் போனது. அந்த நாட்களில் அனுசியா பல தடவை நினைத்துக்கொண்டாள்: ஒரு கையெழுத்து, பத்து நாள், அப்பா தன் வீட்டில் இருந்திருப்பார்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய மனுவின் பேரில் கல்லூரியிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அசலை வாங்கி வைப்பது விதிக்கு விரோதம். ஒப்புக்கொண்டால் கல்லூரிக்குத்தான் ஆபத்து. அதனால், 'மேற்படி நபரின் அசல் சான்றிதழ் எதுவும் எங்கள் வசம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை' என்று சூர்யபிரகாஷ் கையெழுத்திட்டுப் பதில் கொடுத்திருந்தார். அவளைப் பொய்க்காரியாக்கத்தான் அப்படி எழுதினார். ஆனால் விண்ணப்பதாரரிடமும் இல்லை, கல்லூரியிடமும் இல்லை என்றால் திரும்பப் பெற முடியாதவை என்று கருதி இரண்டாம் படி வழங்கலாம் என்பது பல்கலைக்கழக விதி. பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அந்தக் கடிதமே போதுமானதாக இருந்தது.

சந்திரவல்லி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார். "இப்ப அந்தப் பீரோவத் தொறந்தா மாட்டுறது அவருதான்."

அவர் திறக்க மாட்டார் என்று அனுசியாவுக்குத் தெரியும். செழியனைத் திரும்பவும் கூப்பிடுவார். செழியனும் வருவார்.

அவகாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இரண்டாம் படிகளோடு போடியிலிருந்து மதுரைக்கு ரயிலேறினாள். அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். அப்பா வரவில்லை.

ஹைதராபாத்தில் இப்போது அவள் கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். செழியனைப் பற்றி, அவர் சம்மதத்தோடு, பெயரில்லாமல் ஒரு பகுதி எழுதியாகிவிட்டது. அப்பாவைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் ஜக்கம்மாள் எப்படிச் செத்தாள் என்று எழுத வேண்டும். ஒரு சாவை மறைத்ததற்கு அப்பா இந்த வயதில், இந்தக் காலோடு, பதில் சொல்ல வேண்டிவரும். காவல் நிலையத்தில் கொடுத்த பத்திரத்தில் தன் பொய் வரைக்கும் எழுதியவள், அதை மட்டும் எழுதவில்லை. தெரிந்தே விட்டாள்.

போன மாதம் அம்மாவிடம் பேசும்போது அழகுராஜா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். குரங்கணியில் ஒரு காப்பித் தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறாராம். இன்னும் யாரைப் பார்த்தாலும், என் பொண்டாட்டி மருந்து குடிக்கவில்லை என்று சொல்கிறாராம். அம்மா யாரிடமோ விசாரித்து அவருடைய போன் நம்பரை வாங்கிக் கொடுத்தாள்.

அனுசியா அதைத் தன் போனில் பதிந்து வைத்திருக்கிறாள். எழுதி எழுதி அலுத்துப்போன சாயங்காலங்களில் எடுத்துப் பார்க்கிறாள். இன்னும் கூப்பிடவில்லை.